கடைசி நாளின் கடைசிக் கணம்

விண்ணப்பம் பெறும் அலுவலகம் ஒன்று, '2025 மார்ச் 31 கடைசி நாள்' என்று தன் வலைத்தளத்தில் அறிவித்ததாக வைத்துக்கொள்வோம். அன்று காலை பத்து மணிக்கு ஓர் இளைஞர் கணினியின் முன் அமர்கின்றார். 'காலம் கடந்துவிட்டது' என்ற விடையே கிடைக்கின்றது. அவருக்குரிய பகற்பொழுது எங்கே போயிற்று?

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி 1995ஆம் ஆண்டில் தோன்றியது. தேதிகளைக் கையாள அதில் 'டேட்' என்றொரு பொருள் உண்டு. பெயர் தேதியாயினும் அதனுள் இருப்பது ஓர் எண்ணே. 1970 ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கிக் கழிந்த காலத்தை, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணிய எண் அது. 2025-03-31 என்று நாளை மட்டும் எழுதிக் கொடுத்தால், அம்மொழி அதனை உலகப் பொது நேரத்து நள்ளிரவாகவே கொள்ளும். நம் நாட்டு நேரமோ அதற்கு ஐந்தரை மணி முன்னே செல்வது. ஆகவே, விண்ணப்பக் கதவு 31ஆம் தேதி காலை 5.30 மணிக்கே அடைபட்டுவிடுகின்றது.

பரிகாரம், நாளுடன் மணியையும் நிறுத்துவதே. 'செட்அவர்ஸ்' என்னும் கட்டளை மணி, நிமிடம், வினாடி, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிய நான்கையும் ஒருங்கே ஏற்கும். 23, 59, 59, 999 என்று கொடுத்தால் நாளின் இறுதிக் கணம் அமையும். 25 மணி என்று கொடுத்தாலும் அது மறுப்பதில்லை. மறுநாள் ஒரு மணி என்று கணக்கிட்டுக்கொள்ளும். இந்தத் தாராளம் எனக்கு உவப்பானதன்று. பிழையைப் பிழையென்று திருப்பியனுப்பும் குமாஸ்தாவே மேல்.

ஆனால், அக்கட்டளை கருதுவது நிரல் இயங்கும் கணினியின் உள்ளூர் நேரத்தை. உலகப் பொது நேரத்தில் இயங்கும் கணினியில் அதே எண்களைக் கொடுத்தால், கடைசி நாள் ஏப்ரல் முதல் தேதி காலை 5.30 வரை நீண்டுவிடும். எந்தக் கணினியிலும் இந்திய நேரமே வேண்டுமாயின், 'செட்யூடிசிஅவர்ஸ்' என்னும் கட்டளையால் 18, 29, 59, 999 என்று நிறுத்தல் வேண்டும். மற்றொன்று: இக்கட்டளைகள் புதிய தேதியைப் படைப்பதில்லை, இருப்பதையே மாற்றுகின்றன. தொடக்க நாளுக்கு வேறொரு பெயரிட்டு அதனை இறுதி நாளாகத் திருத்தினால், தொடக்க நாளும் உடன் மாறிவிடும். முதலில் பிரதி செய்துகொண்டு, பிரதியையே திருத்துக.

அறிவிப்புகளை மொழிபெயர்க்கும் என் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு. '31ஆம் தேதி நள்ளிரவு' என்று எழுதினால், அந்நாள் பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? 'இந்திய நேரப்படி 31ஆம் தேதி இரவு 11.59 வரை' என்று எழுதிக் கொடுத்தால், நிரல் எழுதுபவர் இடவேண்டிய எண்கள் ஐயமின்றிக் கிடைத்துவிடும்.