கடலின் குரலும் கருவியின் இரைச்சலும்

இயற்கைத் துறைமுகமெனப் புகழ்பெற்ற திருகோணமலையில், கரையை அண்டியே கடல் பேராழம் கொள்கிறது. அதனால் நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் வருகின்றன. அவற்றின் பாடலை ஆராய்ச்சியாளர் 1984ஆம் ஆண்டில் இக்கடலிற் பதிவு செய்தனர்.

நீருள் இறக்கும் ஒலிவாங்கி தருவது மிக நுண்ணிய மின்னலை. பெருக்கி அதனை 1,000 மடங்காக்குகிறது எனக் கொள்க. வெளிவரும் அலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்து, உட்புகும் அலையோடு ஒத்திசைந்து கூடினாற் போதும். திமிங்கிலம் மௌனமாயிருக்கக் கருவியே ஊளையிடும். சுற்றின் வரைபடம் செம்மையாயிருந்தும், பலகையில் உறுப்புகளை அமைத்த முறை பிழையாயின் இவ்வாறு நேரும்.

ஆதலின் உள்வாயில் பலகையின் ஒரு முனையிலும், வெளிவாயில் மறுமுனையிலும் அமைதல் வேண்டும். உள்வாயிற் கம்பி குறுகியதாய், உலோகக் கவசம் பூண்டதாய் இருத்தல் நன்று. வலிய மின்னோட்டம் திரும்பும் தரைப்பாதையை நுண்ணலையின் தரைப்பாதை பகிர்தலாகாது. இரண்டும் ஒரே புள்ளியில் மட்டும் கூடுதல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மின்சாரம் வந்து சேருமிடத்தில் ஒரு கொள்ளளவி காவலாக நிற்க வேண்டும்.

இலங்கையின் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அதிர்கிறது. அதனை நேராக்கும்போது எழும் இரைச்சல் 100 முறை அதிர்கிறது. இக்கடலின் நீலத் திமிங்கிலம் பாடுவதும் ஏறத்தாழ 100 அதிர்விலும் அதற்குக் கீழுமே. இரைச்சல் கருவியினுட் புகுந்த பின் அதனை வடிகட்ட முயல்வோர், திமிங்கிலத்தின் குரலையும் உடன் இழப்பர். எனவே, பலகையை அமைக்கும்போதே அதனைப் புகாது தடுத்தலே தக்க வழியாகும்.