எழும்பூரின் இளஞ்சிவப்பு மாளிகை: கட்டடமே ஒரு காட்சிப்பொருள்

(உரையின் எழுத்து வடிவம்)



எழும்பூர் பாந்தியன் சாலை வழியா போறவங்க அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்காம போயிருக்க முடியாது. அந்த வளாகத்துக்குள்ள, இளஞ்சிவப்புக் கல்லில் கோட்டை வாசல் மாதிரி ஒரு கட்டடம் நிக்குதே, அதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

இப்போ அதன் பெயர் தேசிய கலைக்கூடம். கட்டினப்போ வைத்த பெயர் விக்டோரியா நினைவு மண்டபம். 1906-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1909-ல் ஆளுநர் ஆர்தர் லாலி திறந்து வைத்தார். சென்னை மாகாணத்துக் கைவினைப் பொருட்களை மக்கள் பார்வைக்கு வைக்கணும் என்பதுதான் நோக்கம். அந்தப் பொறுப்பு விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டிடம் இருந்தது. அண்ணா சாலையில் விடிஐ கடை இருக்கு இல்லையா, அதே நிறுவனம்தான். 1951-ல் இந்த மண்டபம் கலைக்கூடமாக மாறியது.

வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். பக்கத்திலேயே இருக்கும் கன்னிமாரா நூலகமும் அவர் வடிவமைத்ததுதான். கட்டி முடித்தவர் நம்ம ஊர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. சத்தியவேடு பகுதியிலிருந்து கல் வந்தது. ஆக, வரைபடம் வெள்ளைக்காரருடையது. உளி பிடித்த கை நம்முடையது.

அடுத்த முறை போகும்போது அவசரப்படாம எதிரே நின்னு பாருங்க. முதலில் கண்ணில் படுவது நடுவில் இருக்கும் உயரமான வளைவு. அக்பர் ஃபதேபூர் சிக்ரியில் கட்டிய புலந்த் தர்வாசாவை நினைவுபடுத்துகிற மாதிரி அமைத்தது அது. மேலே சின்னச் சின்ன குவிமாட மண்டபங்கள். முகலாய வடிவங்களையும் ஐரோப்பியக் கட்டுமான முறையையும் கலந்த இந்தப் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர்.

அப்புறம் போன் கேமராவை ஜூம் பண்ணுங்க. கல்லைத் துளைத்துத் துளைத்து வலை மாதிரி செய்திருப்பாங்க. இதுக்குப் பேரு ஜாலி. நாம சொல்ற ஜாலி இல்லீங்க, வலைன்னு அர்த்தம்! வெயிலின் கூர்மையைத் தடுத்து, வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் உள்ளே விடும். ஃபேன், ஏசி பரவலாகாத காலத்தில் அழகும் பயனும் ஒரே கல்லில் கிடைத்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. கைவினையைக் காட்ட எழுப்பிய மண்டபம் தன் உடம்பிலேயே கைவினையைச் சுமந்து நிக்குது. உள்ளே இருக்கும் பொருளுக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு, காவலர் உண்டு. சுவருக்கு என்ன இருக்கு? மழையும் வெயிலும்தான். விரிசல் விட்டதால் இந்த மண்டபமே பல வருஷம் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது.

பழைய கட்டடம் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கும். பறவை போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் கல் இடுக்கைப் பிளக்கும். மழைநீர்க் குழாய் அடைச்சா ஈரம் சுவரில் இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். நல்லது செய்யறதா நினைச்சுப் பூசினதே கெடுதல் ஆயிடும்.

நீங்க செய்யக்கூடியது என்ன? எந்தப் பாரம்பரியக் கட்டடத்துக்குப் போனாலும் சுவரில் பேர் எழுதாதீங்க, எழுதுறவங்களையும் தடுங்க. செல்ஃபிக்காகச் சிற்ப வேலைப்பாட்டில் ஏறாதீங்க. செடி முளைச்சிருந்தா நீங்களே பிடுங்க வேண்டாம். கல்லும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஒரு போட்டோ எடுங்க. எந்தப் பக்கம், எந்த உயரம்னு குறிச்சுக்கோங்க. அங்குள்ள அலுவலகத்தில் சொல்லுங்க; அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐ அழைத்துப் பதிவு பண்ணுங்க. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு போட்டோ எடுத்தா, விரிசல் வளர்ந்திருக்கா இல்லையான்னு உங்க கையிலேயே ஆதாரம் இருக்கும்.

கன்று விரல் அளவு இருக்கும்போது ஒரு ஆள், ஒரு ஏணி போதும். மரமான பிறகு சுவரையே பிரிச்சுக் கட்டணும். நூறு வருஷத்துக்கு முன் செதுக்கிய அந்தக் கையை மறுபடி எங்கே தேடுவோம்?