நடுகல்லில் பெயரில்லாதவர்கள்



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, போர்க்காலத்தைப் பார்த்த பழைய தலைமுறைக்கு நெஞ்சுரம் இருந்தது, இன்றைய பிள்ளைகள் வெயில் படாமல் வளர்ந்தவர்கள், ஒரு போர் மூண்டால் நிலைகுலைந்துவிடுவார்கள் என்ற பேச்சு உங்கள் காதில் பலமுறை விழுந்திருக்கும். மூத்தோரைப் புகழ்வதுபோல் அமைந்த பேச்சு என்பதால் யாரும் இதை மறுப்பதில்லை. மறுத்தால் அவர்களை அவமதித்ததாக ஆகிவிடுமோ என்ற தயக்கம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் மேடையில் நின்றுகொண்டு, ஆதாரம் கேட்காமல் ஒரு கூற்றை அப்படியே விட்டுவிடுவது முறையல்ல. துணிவில் மனிதருக்கு மனிதர் ஏற்றத்தாழ்வு உண்டு. அதில் எனக்கு ஐயமில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அது குறைந்துகொண்டே வருகிறது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. கையில் உள்ள சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

இதே குற்றச்சாட்டு ஒருமுறை ஊரறியச் சுமத்தப்பட்டு, சில ஆண்டுகளுக்குள்ளேயே சோதிக்கவும்பட்டது. 1933 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மாணவர் விவாத மன்றத்தில், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்தச் சூழ்நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275-க்கு 153 என்ற வாக்கில் நிறைவேறியது. நாடே கொதித்தது. வெட்கக்கேடு என்று அரசியல் தலைவர் வின்ஸ்டன் சர்ச்சில் சாடினார். கோழைத்தனத்தின் அடையாளமாக அந்நாட்டில் கருதப்படும் வெள்ளை இறகுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் இழுக்குத் தேடிவிட்டார்கள் என்பதே அந்தக் கோபத்தின் சாரம். ஏழு ஆண்டு கழித்து, 1940-ல், பிரிட்டனின் வானைக் காக்கப் பறந்த ஏறத்தாழ 3,000 விமானப்படையினரில் 544 பேர் நான்கே மாதத்தில் இறந்தார்கள். அவர்களில் ஆக்ஸ்போர்டில் படித்தவர்களும் இருந்தார்கள். வாக்களித்தவர் வேறு, பறந்தவர் வேறு என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அன்று பழி விழுந்தது 275 பேர் தலையில் மட்டுமல்ல, அந்த வயதினர் எல்லார் மீதும் விழுந்தது. இன்று உங்களைக் குறைத்துப் பேச அளவுகோலாக எடுத்துக் காட்டப்படுகிறவர்கள் அதே வயதினர்தான்.

அப்படியானால் அவர்களை அளக்க அன்று எடுத்த கோல், 1914-ன் தலைமுறை, எப்படிப்பட்டது? ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். 1915-ல் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே நரம்பு தளர்ந்து ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியாமல், மனைவிக்கு அவர் சொல்லச் சொல்லச் செவிலியர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தேறிவிட்டார் என்று மறுபடி முன்னணிக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்முனையில், இனி என்னால் முடியாது என்று நின்றுவிட்டார். விசாரணை இருபது நிமிடம் அளவில் முடிந்தது. அக்டோபர் 16 விடியற்காலையில் கோழை என்ற குற்றத்துக்காகத் தன் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கண்ணைக் கட்ட வந்தபோது வேண்டாம் என்று மறுத்தார் என்பது பதிவு. இருபத்தைந்து வயது. இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவரோடு சேர்த்து, போர்க்களக் குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் மட்டும் குண்டு அதிர்ச்சி நோயாளிகள் சுமார் 80,000 பேர். இரும்பு நெஞ்சம் கொண்டவர்கள் என்று பின்னால் பாராட்டப்பட்ட தலைமுறை அது. அந்தப் போரின் அகழிகளில் மருத்துவராக இருந்து, பிற்காலத்தில் சர்ச்சிலுக்கும் மருத்துவரான மோரன் பிரபு 1945-ல் வெளியிட்ட நூலில், துணிவு என்பது வங்கியில் போட்ட முதல் போன்றது, எடுக்க எடுக்கக் குறையும், ஒருநாள் தீர்ந்தும் போகும் என்று வாதிட்டார். முதல் ஆளுக்கு ஆள் மாறும். தீராத முதல் எவரிடமும் இல்லை. அடுத்த போரில் அமெரிக்கப் படையை ஆராய்ந்த மருத்துவர்களும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: நீண்ட நாள் களத்தில் விட்டால் எந்த வீரனும் ஒரு கட்டத்தில் உடைவான்.

வறுமையும் உடலுழைப்பும் பழைய மனிதர்களுக்கு உரமேற்றின, வசதி இன்றையவர்களை மென்மையாக்கிவிட்டது என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பசியைப் பழகியவர் பசியைத் தாங்குவார். பத்து மைல் நடந்து பழகியவர் இருபது மைல் நடப்பார். ஆனால் தாங்கும் உடலும் துணிந்த மனமும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள் எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் வாலில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார், பின்னால் துரத்தி வரும் எதிரியைச் சுடுவதற்காக. சுற்றிலும் உறையும் குளிர். மின்சாரத்தால் சூடேறும் உடைதான் காப்பு. பாராசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார அந்தக் கூண்டில் இடமில்லை. அது முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அப்பால் தொங்கும். விமானம் தீப்பிடித்தால் திரும்பி, கதவைத் திறந்து, அதை எட்டி எடுத்து மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். இப்படி முப்பது முறை பறந்தால் ஒரு சுற்று முடியும். இருபது முறை பறந்துவிட்டு இருபத்தோராம் முறை முடியாது என்றவருக்கு மன உறுதியற்றவர் என்று முத்திரை குத்தி, சட்டையிலிருந்து விமானப்படைச் சின்னத்தைப் பிடுங்கினார்கள். ஒரே ஆள்; இருபது நாள் வீரர், இருபத்தோராம் நாள் கோழை. ஒரு மனிதருக்குள்ளேயே நிலைத்து நிற்காத ஒன்றை ஒரு தலைமுறைக்கே எப்படிச் சொத்தாக எழுதி வைப்பது?

தாமாக முன்வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலும் ஒப்பீடு நிற்கவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின் தலைமுறையை மாபெரும் தலைமுறை என்று கொண்டாடுகிறார்கள். அந்தப் படையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாய ஆணையால் சேர்க்கப்பட்டவர்கள். வசைபாடப்பட்ட வியட்நாம் போர்க்காலத்தில் கணக்கு தலைகீழ். மூன்றில் இரண்டு பங்கு தாமாகச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் எப்படியும் ஆணை வந்துவிடும், நாமே போனால் நல்ல பிரிவாவது கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெயரும் வசையும் வென்ற போருக்கும் தோற்ற போருக்கும் கிடைத்தவை. களத்தில் நின்றவர்களின் நெஞ்சை யாரும் அளக்கவில்லை.

பழைய தலைமுறை பெரிதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், நமக்கு வந்து சேர்ந்த பதிவுகள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம். அவன் பக்கத்தில் ஒரு நாய். கள்வரை எதிர்த்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. எத்தனை பெரிய மனம்! ஆனால் நடுகல் நின்றவனுக்கு மட்டும்தான் நடப்படும். அன்று வேலிக்குப் பின்னால் பதுங்கியவனுக்குக் கல் இல்லை. கல்லை மட்டும் படிக்கிறவருக்கு அந்தக் காலத்தில் பதுங்கியவரே கிடையாது என்று தோன்றும். நின்றும் கல் கிடைக்காதவர்கள் வேறு இருக்கிறார்கள். 1942-43-ல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருங்கூட்டமாகக் கொண்டுபோனார்கள். போர்க் கைதிகளாக வந்த வெள்ளையர் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், படை மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. அன்றைய சயாமான தாய்லாந்தில், காஞ்சனாபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் தனித்தனிக் கல்லின் கீழ் உறங்குகிறார்கள். தோட்டத்து மனிதர்களிடம் இவை எதுவும் இல்லை. கொட்டகைக்குள் காலரா வந்தபோது நோய் கண்டவரைத் தொட்டுத் தூக்கியவர் யார், கிடைத்த கஞ்சியில் பாதியைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்தவர் யார் என்று எழுதி வைக்க ஆளில்லை. துணிவைப் பதிவைக் கொண்டு எண்ணினால் அந்தக் காட்டில் தமிழர் துணிவு சுழியம் என்றுதான் கணக்கு வரும். அந்தக் கணக்கு பொய் என்று நமக்குத் தெரியும்.

இன்றைய போரில் எங்கோ உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள், இதில் வீரம் எங்கே என்றும் கேட்கிறார்கள். பொத்தானுக்கு மறுமுனையிலும் மனிதர் இருக்கிறார். உக்ரைன் அகழியில் இருக்கும் சிப்பாயின் தலைக்கு மேலே பகலும் இரவும் டிரோன் சுற்றுகிறது. ஒதுங்கப் போகும்போதும், காயம்பட்டவரைத் தூக்கும்போதும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. 1916-ன் சிப்பாய்க்குக் குண்டு எங்கே விழும் என்று தெரியாது. இன்றைய சிப்பாயைத் தேடிக் குறிவைத்தே அது வருகிறது. எது கொடியது என்று தராசில் போட எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரிலும் மக்கள் ஓடியதுண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்ட செய்தி வந்ததும் சென்னையும் காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. மாட்டுவண்டியிலும் ரயிலிலும் பெட்டி படுக்கையோடு மக்கள் கிளம்பினார்கள். நாம் போற்றும் நம் தாத்தா பாட்டிகள்தான் அவர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போன அந்தத் தாயைக் கோழை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருக்குக் காட்டும் பரிவை இன்று எல்லை தாண்டுகிறவருக்குக் காட்ட மறுப்பதுதான் என்னை உறுத்துகிறது.

நின்றவர்களும் இன்று உண்டு. சூடானில் 2023 ஏப்ரலில் இரண்டு படைகள் மோதத் தொடங்கியபோது, உங்கள் வயதுப் பிள்ளைகள் தெருத்தெருவாக அவசர உதவி அறைகள் என்ற குழுக்களை அமைத்தார்கள். ஆயுதம் கிடையாது, சீருடை கிடையாது. கைப்பேசியில் வரும் நன்கொடையை வைத்துப் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். இரு தரப்புகளும் அவர்களைச் சந்தேகித்தன. பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். எல் ஃபாஷர் நகரம் முற்றுகையில் சிக்கி ஓராண்டுக்கு மேல் கிடந்தது. தானியம் தீர்ந்தபோது, எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் கடலைப் பிண்ணாக்கை, நம் ஊரில் மாட்டுக்கு வைக்கும் அதே பிண்ணாக்கை, மனிதர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். குண்டு விழும் தெருவில் பாத்திரத்தோடு வரிசை நின்றது. அடுப்பை அணைக்காமல் அந்தப் பிள்ளைகளும் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.