வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எட்டாம் வகுப்புக்காக நான் செய்த ஒரு மாதிரியைப் பற்றியும், அதில் நேர்ந்த தவற்றைப் பற்றியும் உங்களிடம் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

தெர்மாகோல் அட்டையில் நிலக்கடலைச் செடி ஒன்று செய்தேன். வேருக்குச் சணல் நூல், வேர் முண்டுகளுக்குச் சிவப்பு மணிகள். அறிவியல் கண்காட்சியில் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் வகுப்புத் தேர்வில் வேர் முண்டுகளை வரையச் சொன்னபோது, பாதிப் பேருக்கு மேல் கடலைக்காயை வரைந்து 'வேர் முண்டு' என்று எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியவில்லை. நாமே அதை வேர்க்கடலை என்றுதான் சொல்கிறோம். என் மாதிரியில் மணிகள் காய் அளவுக்கு இருந்தன. காய்களை நான் வைக்கவே இல்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று, அம்மாவோடு கடலை ஆயப் போகும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், காய் வேர்ல காய்க்காது. பூ வாடினதும் விழுது மண்ணுல இறங்கும். அந்த விழுது நுனியிலதான் காய்" என்றாள். எனக்கு அது பாடமாக அமைந்தது.

அவர்கள் வயலிலிருந்தே நான்கு செடிகளைக் கொண்டு வந்தோம். பிடுங்கினால் முண்டுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். எனவே மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அலசினோம். வேரில் கேழ்வரகு போலச் சிறு உருண்டைகள் தெரிந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. "ரத்தமா டீச்சர்?" என்றான் ஒருவன். நம் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமி அது என்றேன். இளஞ்சிவப்பாக இருந்தால் முண்டு வேலை செய்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

பிறகு பிள்ளைகளே மாதிரியைத் திருத்தினார்கள். மணிகளை எடுத்துவிட்டுக் கேழ்வரகை ஒட்டினார்கள். பச்சை நூலை இலைக்கணுவில் கட்டி மண்ணுக்குள் இறக்கி, நுனியில் உண்மையான கடலைக்காயைக் கோத்தார்கள். பக்கத்தில் களிமண் உருண்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து, உள்ளே ரோஸ் வண்ணம் பூசி, 'பெரிதாக்கிக் காட்டிய முண்டு' என்று எழுதினார்கள்.

கடைசியாக இரண்டு அம்புக்குறிகள். செடியிலிருந்து முண்டுக்குச் சர்க்கரை. முண்டிலிருந்து செடிக்கு நைட்ரஜன் சத்து. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. முண்டில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை முதல் மாதிரியில் நான் காட்டவே இல்லை.

அடுத்த தேர்வில் இரண்டு பேர் மட்டுமே காயை முண்டாக வரைந்தார்கள். அவர்கள் செடி அலசிய அன்று பள்ளிக்கு வராதவர்கள்.

கடலை விளையாத ஊர் என்றால், பயறு விளைந்த வயலின் மண்ணை ஒரு பழைய வாளியில் நிரப்பித் தட்டைப்பயறு விதையுங்கள். ஒரு மாதத்தில் முண்டுகளைப் பார்க்கலாம். மாதிரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் செடி, பிறகு மாதிரி என்பதுதான் என் வேண்டுகோள்.