புல்லுமலைக்கும் ஒரு செக்ரோல்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில், நலன்புரி உத்தியோகத்தர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பூச்சி புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஐயாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரு குரலும் வந்தது. பரவாயில்லை. கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆவணி பிறந்துவிட்டது. தென்மேற்கு மழை கொஞ்சம் விட்டு, கொத்மலைப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்கிறது. தேயிலைக்கு மேலே மானாப்புல் வளர்ந்து கிடக்கிற புல்லுமலையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சிங்களத்தில் அதைப் பத்தன என்பார்கள். மாட்டுக்குப் புல்லறுக்கப் போகிறவர்கள் இந்த நாட்களில் அங்கே எத்தனை பார்க்கிறீர்கள்! வண்ணாத்திப்பூச்சி, தட்டான், வெட்டுக்கிளி, கும்பிடு பூச்சி. பார்க்கிறோம், வந்துவிடுகிறோம். யாரும் எழுதி வைப்பதில்லை.

எழுதி வைக்காததால் வந்த ஒரு வினையைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் ஒன்பது பேரைக் குளவி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றிப் போனோம். ஒரு அம்மா மூன்று நாள் கண் திறக்கவில்லை. அவர் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம். அப்புறம் விசாரித்தால், புல்லறுக்கிற பெரியவர் ஒருவர் அந்த மரத்துக் கூட்டை இரண்டு கிழமைக்கு முன்பே கண்டிருக்கிறார். "பாத்தேன் ஐயா, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். அவர் மேல் குற்றமில்லை. சொல்வதற்கு ஓர் இடம் இல்லை, அதுதான் குற்றம்.

நாம் எல்லாவற்றையும் குளவி என்றுதான் சொல்கிறோம். ஆனால் பெரிய மரக்கிளையில் ஒரே அடையாகத் தொங்குவது பெருந்தேனீ. அது வருஷம் முழுக்க ஓரிடத்தில் இருக்காது, பருவம் பார்த்து இடம் மாறும். காகிதம் போலக் கூடு கட்டுவதுதான் உண்மையான குளவி. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், அதை உடனே வழித்தெடுக்க வேண்டும். எது, எங்கே, எந்த மாதம் வந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த வருஷம் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருக்கலாம்.

அதற்காகக் குளவி என்றாலே பகை என்று நினைக்க வேண்டாம். தேயிலையில் இரண்டு இலையை நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற புழு உங்களுக்குத் தெரியும். முன்காலத்தில் அதன் முட்டைகளைக் கையாலே பொறுக்கினார்கள். 1935, 36-ல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொசு போல மெலிந்த உடம்பு, நம்மைக் கொட்டாது. அது புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவைத் தின்னும். புழுவின் கொட்டம் அடங்கியது.

பிறகு 1950-களில், தேயிலைக் கம்பைத் துளைக்கிற சின்ன வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? அந்தக் குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி பெருகியது. நமக்கு உழைக்கிறவர் யார் என்று கணக்கு வைக்காமல் மருந்தடித்தால் இப்படித்தான் முடியும். இந்த மாதிரிச் சின்னக் குளவிகள் பூத்தேனைக் குடித்து உயிர் வாழ்கின்றன. புல்லுமலைக்கு நெருப்பு வைத்தால், அங்கே பூத்த பூவும் போகிறது, கூடி வாழ்ந்ததும் போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நமக்குச் செக்ரோல் இருக்கிறது, ஒரு நாள் பெயர் விடுபட்டாலும் சண்டை பிடிக்கிறோம். புல்லுமலைக்கும் ஒரு செக்ரோல் வைப்போம். பிள்ளை மடுவத்தில் ஒரு கொப்பி தொங்கும். கிழமைக்கு ஒரு தரம், வெயில் அடிக்கிற காலை பத்து மணி போல, ஒரே இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். நாலு விஷயம் எழுதினால் போதும்: திகதி, எந்த நம்பர் மலை, என்ன கண்டீர்கள், எத்தனை. பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள், படம் கீறுங்கள். போன் இருக்கிற பிள்ளைகள் படம் பிடிக்கட்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதட்டும். ஒன்றையும் காணாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான். சிறுத்தை, மரை தடம் கண்டாலும் எழுதலாம், கிட்டப் போக வேண்டாம்.

குளவிக் கூடு கண்டால் மட்டும் கொப்பிக்குக் காத்திருக்க வேண்டாம். கல் எறியாமல், புகை போடாமல், அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடமோ என்னிடமோ சொல்லுங்கள். மறுநாள் பிரட்டில் அந்த மலைக்கு ஆள் அனுப்பாமல் பார்ப்பது என் பொறுப்பு.

நமது நாட்டில் வண்ணாத்திப்பூச்சி வகைகள் மட்டும் 240-க்கு மேல் இருப்பதாகப் படித்தவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்கள் இந்த மலைக்கு எப்போதாவது வருகிறவர்கள். விடிந்தால் பொழுது போனால் இங்கே நிற்கிறவர்கள் நீங்கள்தான். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

அந்தப் பெரியவர் இன்று இந்தக் கூட்டத்திலே இருந்திருந்தால், கொப்பியின் முதல் வரியை அவரைத்தான் சொல்லச் சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிறு கொப்பியைத் திறப்போம்.