முதுகு நிமிர ஒரு கால் மணி நேரம்

(தோட்டத் தொழிலாளர் சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யோகாசனம் என்று நாங்கள் வாயைத் திறந்தாலே லயத்துக்கு லயம் ஒரே கேள்விதான் வருகிறது. "காலையில பிரட்டுக்குப் போனா அந்தி வரைக்கும் மலையில ஏறி இறங்குறோம். இதுக்கு மேல எங்களுக்கு என்னாத்துக்குங்க பயிற்சி?"

நியாயமான கேள்வி. கொழுந்து எடுக்கும்போது உடம்பு முன்பக்கமாகக் குனிந்தே நிற்கிறது. கூடைக் கயிறு தலையில் கிடப்பதால் பாரம் கழுத்தில் இறங்குகிறது. கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கும், முள்ளுக் குத்துகிறவர்களுக்கும் அதே குனிவுதான். வேலை நம்மை உழைக்க வைக்கிறது. ஆனால் ஒரே பக்கமாக உழைக்க வைக்கிறது. குனிந்ததை நிமிர்த்தி, இறுகியதைத் தளர்த்துவதே யோகாசனம். அது இன்னொரு வேலை அல்ல.

யோகான்னா தலைகீழாக நிற்கிறது என்று பயப்பட வேண்டாம். பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு 8 அங்கங்கள் வகுத்தார். ஆசனம் அதில் மூன்றாவதுதான். அசையாமலும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பது அவர் கருத்து. நம்முடைய திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அந்த எட்டையும் தமிழில் விளக்கியிருக்கிறார். நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னே செய்து பார்க்கக் கூடியவற்றில் யோகாவையும் சேர்த்து அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வழிகாட்டல் வெளியிட்டது. மந்திரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தச் சமயத்தாரும் செய்யலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு போதும்.

முதலாவது, மூச்சு. வாங்கிலோ பாயிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றில் கை வையுங்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். 10 தடவை. எழுந்து நிற்க முடியாதவர்களும் செய்யலாம்.

இரண்டாவது, நிமிர்தல். சுவரோடு முதுகை வைத்து நின்று, மூச்சை இழுத்தபடி இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். தோள் வலிக்கிறதா? வலிக்காத மட்டும் தூக்கினால் போதும்.

மூன்றாவது, பூனை மாதிரி. கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னே விரியுங்கள். விடும்போது முதுகை வளையுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் வாங்கில் உட்கார்ந்தே இதைச் செய்யலாம்.

நான்காவது, ஓய்வு. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் வாங்கின் மேல் வைத்து 5 நிமிடம் சும்மா இருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வளைகிறார் என்று பார்க்க வேண்டாம். இதில் போட்டி இல்லை. குத்துகிற மாதிரி வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைத்தாச்சிகள் மருத்துவமாதுவிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பிரஷர், சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மருந்தை யோகாவை நம்பி நிறுத்தக் கூடாது. இடுப்பு வலியோடு கால் விறைத்தாலோ, சலம் அடக்க முடியாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இடம் எங்கே என்பீர்கள். பாய் விரிக்கிற இடம் போதும். நேரம் எங்கே என்பதுதான் பெரிய கேள்வி. மலையை விட்டு வந்த பெண்களுக்கு அடுப்பு, தண்ணி, பிள்ளைகள் என்று வீட்டில் இன்னொரு பேர் தொடங்குகிறது. அந்தப் பேருக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆகவே ஆண்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒரு குடம் தண்ணியை நீங்கள் தூக்குங்கள்; ஒரு வேளை அடுப்பை நீங்கள் பாருங்கள். அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கும். பிறகு நீங்களும் பக்கத்தில் பாயை விரியுங்கள். உங்கள் முதுகும் குனிந்த முதுகுதான்.

நாலும் ஒரே நாளில் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் அந்த 10 மூச்சில் தொடங்குவோம்.