கேட்கத் தெரிந்தால் பாதி பழுது தீரும்



ஒரு இயந்திரம் பழுதானால், அது தீரப் பெரிதும் தேவை பதில் சொல்பவரின் திறமையா, கேள்வி கேட்பவரின் தெளிவா? இதுதானே தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "விவரம் தெரியாதவன்தானே கேட்கிறான்? தெரிஞ்சா அவன் ஏன் கேட்கப் போறான்? அவன்கிட்டப் போயி தெளிவை எதிர்பார்த்தா எப்படி?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் அய்யா, அந்த நினைப்பாலேயே எங்கள் அப்பாவுக்கு ஒரு மோட்டார் போச்சு!

எங்கள் ஊர் கோவை மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, அதில் 5 எச்.பி. மோட்டார். தக்காளி நாற்று நட்டுப் பத்து நாள். ஒரு நாள் காலையில் மோட்டார் எடுக்கவில்லை. "அம்மிணி, மெக்கானிக்குக்குப் போனைப் போடு" என்றார் அப்பா. போட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, மோட்டார் ஓடலைங்க." அவ்வளவுதான்! நான் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் ஒரு வரியில் விடை எழுதினால் மார்க்கைக் குறைக்கிறவள். (சிரிப்பு)

அவர் வெளியூரில் இருந்தார். "ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆயிருக்கும்க்கா. ரீசெட் பட்டனை அமுக்கிட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்றார். போட்டோம். உம்மென்று ஒரு முனகல். சுற்றவில்லை. ட்ரிப் ஆனது. மறுபடி அமுக்கினோம். மறுபடி முனகல். ஐந்தாவது தடவை முனகலோடு கருகல் வாடையும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "உம்முனு சத்தம் வந்துச்சாக்கா?" "வந்துச்சு தம்பி." "அதை முதல்லயே சொல்லியிருந்தா, மோட்டார்ல கையே வைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேனே!"

விஷயம் இதுதான். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வரவில்லை. மோட்டாரால் கிளம்ப முடியாது, நின்ற இடத்திலேயே முனகும். மிச்சமுள்ள இரண்டு முனையில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயும், காயில் கொதிக்கும். அதைக் காப்பாற்றத்தான் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிறது. காப்பாற்ற வந்தவன் கையை நாங்களே ஐந்து தடவை தட்டி விட்டோம்!

காயில் கட்ட என் வளையல் அடகுக்குப் போனது. மோட்டார் திரும்பி வர ஆறு நாள். நாற்றில் பாதி காய்ந்து போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துது.

எதிரணி நண்பரே! "உம்"மென்று சத்தம் வருகிறது என்று சொல்ல இன்ஜினீயரிங் படிக்க வேண்டுமா? காது போதாதா? (கைதட்டல்) தெளிவாகக் கேட்பதற்கு அறிவு வேண்டாம் அய்யா. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும்.

சரி, பதில் சொல்பவர் திறமைசாலி என்றால் எல்லாம் நடந்துவிடுமா? 1983 ஜூலை 23. கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்படுகிறது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 1.77 என்ற எண்ணால் கணக்குப் போட்டார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை பவுண்டில்! கிலோவில் அது ஏறக்குறைய 0.8 தான். அங்கே இருந்தவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. "1.77 சரி, அது கிலோவா பவுண்டா?" என்ற கேள்விக்குத்தான் தெளிவு வராமல் போச்சு. தேவையில் பாதிகூட இல்லாமல் பறந்த விமானத்தின் இரண்டு இன்ஜினும் நடுவானில் நின்றன. கேப்டன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் சறுக்கியே இறக்கினார். 69 உயிரும் பிழைத்தன.

எப்படிக் கேட்பது? ஐந்து விரலில் அடக்கிவிடலாம். நான் என்ன செய்ய நினைத்தேன். என்ன செய்தேன். என்ன நடந்தது. அதற்கு முன்னால் என்ன மாற்றம். ஏற்கெனவே எதையெல்லாம் முயன்று பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வாசகம் வந்தால், அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே சொல்லுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுங்க" என்றால் அவர் என்ன செய்வார்? (சிரிப்பு) இன்னொன்று, நம்ம ஊகத்தை நடந்த சேதி மாதிரி சொல்லக் கூடாது. "காயில் போயிருச்சு, வந்து மாத்துங்க" என்றால் வந்தவர் காயிலைத்தான் மாற்றுவார். பழுது வேறெங்கோ சிரித்துக்கொண்டிருக்கும்.

1999-ல் ஆன்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோருக்கு ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் ஒரு யோசனை. புரோகிராமில் தப்பு பிடிபடவில்லையா? மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, அதனிடம் வரிவரியாக விளக்கிச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல உங்களுக்கே தப்பு தெரிந்துவிடும்! எதிரணி நண்பரே, அந்த வாத்துக்கு என்ன திறமை இருந்தது? (பலத்த கைதட்டல்)

தமிழில் "கேள்" என்ற சொல்லைப் பாருங்கள். வினவு என்பதும் கேள். காது கொடு என்பதும் கேள். வினவும் முன்னால் காது கொடுக்கச் சொல்கிறது நம் மொழி. நான் அன்றைக்கு மோட்டாருக்குக் காது கொடுக்காமல் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

அடுத்த வருஷம் மறுபடி அதே பழுது. இந்தத் தடவை போன் பேசியது அப்பா. படித்தது ஐந்தாம் வகுப்பு. "தம்பி, காலையில ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். உம்முங்குது, சுத்தலை. ஒரு தடவைதான் போட்டேன், நிறுத்திட்டேன். பெட்டியில மூணு லைட்டுல ஒண்ணு எரியலை. நேத்து ராத்திரி பெருங்காத்து அடிச்சுது." அந்தப் பக்கம் உடனே பதில்: "மோட்டாருக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. லைன்ல ஒரு முனை வரலை. லைன்மேன்கிட்டச் சொல்லுங்க, அதுவரைக்கும் போடாதீங்க."

மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மெக்கானிக்கும் அதே ஆள்தான், மோட்டாரும் அதேதான். மாறியது கேள்வி ஒன்றுதான்! ஆகவே நடுவர் அவர்களே, கேட்பவரின் தெளிவே என்று எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். தெளிவாகத்தான் கேட்டிருக்கிறேன் அய்யா! (கைதட்டல்)